ஷட் (ஆங்கில வினைச்சொல்)

ஷட் என்பது திறந்திருக்கும் ஒன்றை மூடுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஆகும். கதவு, சன்னல், பெட்டி, நூல், கண், வாய், கடை, ஆலை, சாலை என மூடக்கூடிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இவ்வொரு சொல் பயன்படுகின்றது. தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. அடை, மூடு, சாத்து, பூட்டு, தாழிடு, மடக்கு, பொத்து, நிறுத்து ஆகிய சொற்களுள் ஒன்றை இடத்திற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இச்சொல்லின் பொருள்களையும் தமிழ் இணைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் கருநாடக எல்லையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியிலிருந்து தரப்பட்டுள்ளன. ஆலை, மின்சாரம், எல்லைச் சாலை ஆகிய மூன்றும் "மூடப்படும்" செய்தி இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவதும், அச்செய்தியில் எந்தச் சொல் இடம்பெறுகின்றது என்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் உரிமையே மாறுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

சொற்பிறப்பு

இச்சொல் பழைய ஆங்கிலத்தில் ஸ்கிட்டன் என்ற வடிவில் வழங்கியது. தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவை இறுக்குதல் என்பதே அதன் முதற்பொருள். எய்தல், விரைந்து செலுத்துதல் என்னும் பொருளுடைய ஷூட் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. தாழ்ப்பாள் தன் துளைக்குள் விரைந்து செல்வதே இரண்டையும் இணைக்கும் கருத்தாகும். தறியில் ஊடுநூலைக் கொண்டு இங்குமங்கும் ஓடும் நாடாவைக் குறிக்கும் ஷட்டில் என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே இச்சொல்லின் பழம்பொருளுக்கு மிக அண்மையான தமிழ்ச்சொல் மூடு அன்று, தாழிடு என்பதாகும்.

இதே பொருளில் வழங்கும் குளோஸ் என்ற சொல் இலத்தீன் மொழியிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. நாட்டு வழக்கு ஒன்றும் வந்த வழக்கு ஒன்றுமாக இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டன.

இலக்கணம்

ஷட் என்பது காலம் காட்டும்போது வடிவம் மாறாத வினை ஆகும். நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்சம் ஆகிய மூன்றுக்கும் ஒரே வடிவம் வரும். செயப்படுபொருள் குன்றிய வினையாகவும் குன்றா வினையாகவும் இது வழங்கும். "கதவு மூடிக்கொண்டது" என்பதற்கும் "அவர் கதவை மூடினார்" என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை போதும். தமிழில் "கொள்" என்னும் துணைவினை இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றது.

குளோஸ் என்பதோடு ஒப்பிடும்போது பின்வரும் வேறுபாடுகளைக் காணலாம்.

* ஷட் பேச்சுவழக்கில் மிகுதியாக வரும். அலுவல் நடையில் குளோஸ் விரும்பப்படும்.
* மூடிய கதவு என்பதுபோல் பெயருக்கு முன் அடைமொழியாக வரும் இடத்தில் பொதுவாகக் குளோஸ் என்பதன் எச்ச வடிவமே வரும், ஷட் வராது.
* வங்கிக் கணக்கு, கூட்டம், வழக்கு, விவாதம் போன்றவற்றை முடித்து வைத்தலுக்குக் குளோஸ் மட்டுமே பொருந்தும்.
* விரைவும் வலிமையும் தோன்ற மூடுதலுக்கு ஷட் பொருத்தமானது.

பொருள்களும் தமிழ் இணைகளும்

ஷட் என்பதன் முதன்மையான பொருள்களும் அவற்றுக்குத் தமிழில் வழங்கும் சொற்களும் வருமாறு.

* கதவு, சன்னல்: சாத்து, அடை, மூடு
* தாழ் அல்லது பூட்டு இட்டுக் கதவை இறுக்குதல்: தாழிடு, பூட்டு
* பெட்டி, பாத்திரம், நூல், கண்: மூடு
* காது: பொத்து
* குடை, மடக்குக்கத்தி: மடக்கு
* ஆடுமாடுகளைப் பட்டியிலும் கைதியைச் சிறையிலும் உள்ளே வைத்தல்: அடை
* பொறி, மின்னோட்டம், நீரோட்டம்: நிறுத்து
* கடை, நிறுவனம்: அடை, மூடு

கதவிடுக்கில் விரல் அகப்படுவதையும் ஆங்கிலத்தில் இவ்வினையாலேயே கூறுவர். தமிழில் "விரல் கதவில் நசுங்கியது" என்பதே இயல்பு.

தமிழில் மூடுதலின் வகைகள்

ஒன்று மூடப்பட்ட நிலையை மட்டுமே ஆங்கிலச் சொல் தெரிவிக்கின்றது. தமிழ்ச் சொற்களோ மூடிய விதத்தையும், மீண்டும் திறப்பதற்குள்ள வாய்ப்பையும் சேர்த்துத் தெரிவிக்கின்றன.

சாத்து: கதவைத் தள்ளிப் பொருத்துதல். தாழிட்டதாகப் பொருளில்லை. தள்ளினால் மீண்டும் திறக்கும். கோயில்களில் "நடை சாத்துதல்" என்பதே மரபு. மாலை சாத்துதல், சந்தனம் சாத்துதல் என அணிவித்தல் பொருளிலும் இச்சொல் வருவதால் மங்கல வழக்காகக் கருதப்படுகின்றது. வைணவக் கோயில்களில் "திருக்காப்பிடுதல்" என்பர். இரண்டும் மறுநாள் நடை திறக்கும் என்பதை உள்ளடக்கிய சொற்களாகும்.

அடை: வழியைத் தடுத்தல். இதில் மறுபக்கத்தில் ஒருவர் உள்ளார் என்ற குறிப்பு உண்டு. வழி அடைத்தல், சிறையில் அடைத்தல், கதவடைப்பு, கடையடைப்பு என்பன எடுத்துக்காட்டுகள்.

மூடு: மேலிருந்து மறைத்தல். மூடி, மூடாக்கு என்பன இதிலிருந்து பிறந்த பெயர்கள். நிறுவனத்தைப் பற்றிக் கூறும்போது முடிந்துபோதல் என்னும் குறிப்பைத் தரும். "இழுத்து மூடினார்கள்" என்றால் இனித் திறக்கப்போவதில்லை என்றே பொருள்.

பூட்டு: இரண்டை ஒன்றோடொன்று பிணைத்தல். ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் என்பவற்றிலும் இதே சொல்தான் வருகின்றது. பூட்டப்பட்டது என்றாலே சாவி ஒருவரிடம் உள்ளது என்பது பெறப்படும்.

வாயைப் பற்றிய வழக்குகள் இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். "வாயை மூடு" என்பது கட்டளை. "வாயை அடைத்துவிட்டார்" என்றால் வாதத்தாலோ பணத்தாலோ ஒருவரைப் பேசவிடாமற் செய்தார் என்று பொருள். "வாயடைத்துப் போனார்" என்பது வியப்பால் பேச்சிழந்ததைக் குறிக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் வழங்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இம்மாவட்டத்தின் ஓசூர் நகரம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2019இல் இது மாநகராட்சி ஆனது. 1970களில் தொடங்கி சிப்காட் தொழிற்பேட்டைகள் இங்கு வளர்ந்தன. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்டு, டைட்டன் முதலிய பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறுதொழிற்கூடங்களும் இங்கு இயங்குகின்றன.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இப்பகுதியில் பேசப்படுகின்றன. தமிழில் மூடு என்பதற்குக் கன்னடத்தில் முச்சு என்றும், தெலுங்கில் மூயு என்றும் வழங்குவர். மூன்றும் ஓசையிலும் பொருளிலும் நெருங்கியவை. மூன்று மொழியினரும் சேர்ந்து பணிபுரியும் ஆலைகளில் ஆங்கிலக் கடன்சொற்கள் பொதுவழக்காகிவிட்டன. அவற்றுள் ஷட் என்பதிலிருந்து வந்தவை இரண்டு.

முதலாவது ஷட்டர். இது கடையின் சுருள் தகட்டுக் கதவையும், அணையின் மதகுக் கதவையும், ஒளிப்படக் கருவியின் ஒளித்திறப்பானையும் குறிக்கும். கடையைப் பற்றிப் பேசும்போது "ஷட்டரை இறக்கு" என்பர். 2017 நவம்பரில் தென்பெண்ணையாற்றின் குறுக்கேயுள்ள கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து நீர் வெளியேறியபோது, செய்திகளில் "ஷட்டர் உடைந்தது" என்றே குறிப்பிடப்பட்டது.

இரண்டாவது ஷட் டவுன். கணினியை அணைத்தல், ஆலைப் பொறிகளைப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துதல், துணைமின்நிலையப் பணிக்காக மின்வழங்கலை நிறுத்துதல் ஆகிய மூன்றுக்கும் இது வழங்குகின்றது. மின்வாரிய அறிவிப்புகளில் "மின்நிறுத்தம்" என்ற நல்ல தமிழ்ச்சொல் இடம்பெறுகின்றது. மின்பற்றாக்குறை கடுமையாக இருந்த 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் ஒருநாள் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதற்கு "மின்விடுமுறை" என்று பெயரிடப்பட்டது. நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அது விடுமுறையாக அன்றி வருவாய் இழப்பாகவே அமையும்.

இத்தகைய மென்சொற்கள் பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகளிலும் உண்டு. 2019இல் வண்டி விற்பனை சரிந்தபோது, அசோக் லேலண்டு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் ஓசூர் ஆலைகளில் 5 நாட்களும் எண்ணூர் ஆலையில் 16 நாட்களும் "வேலையற்ற நாட்கள்" எனப் பங்குச்சந்தைகளுக்குத் தெரிவித்தது. ஆலை மூடல் என்ற சொல் அதில் இல்லை. சொல்லும் பொருளும் இங்கு ஒத்தே இருந்தன, ஏனெனில் ஆலை மூடப்படவில்லை, உற்பத்தி மட்டுமே நிறுத்தி வைக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறியச் சட்டத்தின் சொற்களை அறிதல் தேவை.

ஆலை மூடலும் சட்டமும்

ஆலை வாயில் மூடியிருக்கும் காட்சி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். சட்டம் அதனை மூன்றாகப் பிரிக்கின்றது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் இப்பிரிவினையைச் செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்தைப் பெற்றபோதும் இம்மூன்று பிரிவுகளும் தொடர்கின்றன.

லே-ஆஃப் (தற்காலிக வேலையின்மை): நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, விற்பனையாகாச் சரக்கின் தேக்கம், பொறிப்பழுது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் வேலை தர இயலாத நிலை. இதில் வேலையுறவு அறுபடுவதில்லை. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாகத் தரப்பட வேண்டும்.

கதவடைப்பு: தொழிலாளருடன் ஏற்பட்ட பிணக்கில் முதலாளி வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுதல் அல்லது வேலை தர மறுத்தல். இது வேலைநிறுத்தத்தின் மறுபக்கம் ஆகும். கதவடைப்பு முறையானதாக இருந்தால் அந்நாட்களுக்குக் கூலி கோர இயலாது. முறையற்றது எனத் தீர்ப்பானால் கூலி கோரலாம்.

மூடல்: வேலையிடத்தை அல்லது அதன் ஒரு பகுதியை நிலையாக மூடுதல். வேலையுறவு முடிந்துவிடும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற அளவில் இழப்பீடு உண்டு.

இம்மூன்றுள் எது நிகழ்ந்தது என்பதை அறிவிப்புப் பலகையிலுள்ள சொல் மட்டும் முடிவு செய்வதில்லை. செயலின் தன்மையையே நீதிமன்றம் நோக்கும். இதற்குத் தமிழ்நாட்டில் எழுந்த இரண்டு வழக்குகள் இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டாகின்றன.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலுள்ள கைர்பெட்டா தோட்டத்தில் 1957ஆம் ஆண்டில் மேலாளர் தாக்கப்பட்டதையடுத்து, தோட்டத்தின் ஒரு பிரிவை நிர்வாகம் சில வாரங்கள் மூடி வைத்தது. அந்நாட்களுக்குத் தொழிலாளர் லே-ஆஃப் இழப்பீடு கோரினர். 1960இல் உச்ச நீதிமன்றம், வேலை தர இயலாமை வேறு, பிணக்கின் விளைவாக வேலை தர மறுத்தல் வேறு எனப் பிரித்து, அங்கு நிகழ்ந்தது கதவடைப்பே எனத் தீர்ப்பளித்தது. எனவே லே-ஆஃப் இழப்பீடு கிடைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருள் கொள்வது என்பதில் அத்தோட்டத் தொழிலாளரின் பல வாரக் கூலி அடங்கியிருந்தது.

சென்னையில் எக்ஸ்பிரஸ் நாளிதழ் நிறுவனம் தன் வெளியீட்டை நிறுத்தியது பற்றிய வழக்கு 1962இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. கதவடைப்பில் மூடப்படுவது தொழில் நடக்கும் இடம், மூடலில் முடிவுக்கு வருவது தொழிலே என்ற அளவுகோல் அதில் தெளிவாக்கப்பட்டது. தமிழில் சாத்து, மூடு ஆகிய சொற்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை இது நினைவூட்டும்.

முன்னனுமதி

பெரிய தொழிற்சாலையை மூடுவதற்கு அரசின் முன்னனுமதி தேவை என்ற விதி 1976இல் சேர்க்கப்பட்டது. அப்போது 300 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளுக்கு அது பொருந்தியது. 1978இல் எக்செல் வேர் வழக்கில், மூடல் பற்றிய பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1982இல் நிறைவேறிய திருத்தத்தின்படி அப்பிரிவு மாற்றி எழுதப்பட்டு, வரம்பும் 100 தொழிலாளராகக் குறைக்கப்பட்டது. தற்போதைய தொகுப்புச் சட்டத்தில் வரம்பு மீண்டும் 300 ஆக உயர்ந்துள்ளது. மூடுவதற்கு 90 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் அரசு முடிவைத் தெரிவிக்காவிடில் அனுமதி அளித்ததாகவே கொள்ளப்படும்.

இவ்வரம்புகளின் தாக்கத்தை ஓசூர் போன்ற இடத்தில் எளிதில் உணரலாம். பெரிய ஆலை சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தினால், அதற்கு உதிரிபாகம் வழங்கும் சிறுகூடங்களிலும் வேலை நிற்கும். ஆனால் 50 பேருக்குக் குறைவான தொழிலாளரைக் கொண்ட கூடத்துக்கு லே-ஆஃப் இழப்பீட்டு விதி பொருந்தாது. இழப்பீடு பெற, பெயர் வருகைப் பதிவேட்டில் இருப்பதோடு ஓராண்டுத் தொடர்பணியும் முடித்திருக்க வேண்டும். மாற்றாள், தற்காலிகத் தொழிலாளி ஆகியோருக்கு அது இல்லை. ஒரே நாளில், ஒரே காரணத்தால் வேலையிழக்கும் இருவருள் ஒருவருக்குப் பாதி ஊதியம் கிடைக்க, மற்றவருக்கு ஒன்றும் கிடைக்காமற் போகலாம்.

கடையடைப்பும் எல்லை அடைப்பும்

கதவடைப்பு, கடையடைப்பு என்பன ஒத்த சொற்களாகத் தோன்றினும் எதிரெதிர்த் திசையின. கதவடைப்பு முதலாளி தொழிலாளருக்கு எதிராகச் செய்வது. கடையடைப்பு வணிகரும் பொதுமக்களும் ஒரு கோரிக்கைக்காகச் செய்வது. எல்லாவற்றையும் நிறுத்தும் போராட்டம் "முழு அடைப்பு" எனப்படும். இதற்கு வழங்கும் பந்த் என்ற வடமொழிச் சொல் கட்டுதல், மூடுதல் என்னும் பொருளுடையது. கன்னடத்திலும் தமிழிலும் அது ஒருங்கே புழங்குகின்றது.

காவிரி நீர்ப் பிணக்கு முற்றும்போதெல்லாம் இச்சொற்கள் எல்லைப் பகுதியில் நடைமுறைக்கு வருகின்றன. 2016 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டுக்கு நீர் திறக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையடுத்து, 9ஆம் நாள் கருநாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. 12ஆம் நாள் பெங்களூரில் வன்முறை வெடித்துத் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. 16ஆம் நாள் தமிழ்நாட்டில் முழு அடைப்பு நடந்தது. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுவிட, கருநாடகப் பக்கமுள்ள அத்திப்பள்ளிக்கும் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள ஜூஜூவாடிக்கும் இடையே பயணிகள் மூட்டைமுடிச்சுகளுடன் நடந்தே எல்லையைக் கடந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று நடந்த கருநாடக முழு அடைப்பின்போதும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூர் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. இங்கு சாலை "மூடப்பட்டது" என்பதைவிட "அடைக்கப்பட்டது" என்பதே பொருத்தம். இருபுறமும் மக்கள் காத்து நின்றனர் என்பதை இச்சொல் மறைப்பதில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் கொரோனா முடக்கம் தொடங்கியபோது ஆங்கிலத்தில் லாக் டவுன் என்ற சொல் பரவியது. தமிழில் "ஊரடங்கு" என்ற முந்தைய சொல்லே நிலைத்தது. அடங்குதல் தன்வினை, அடைத்தல் பிறவினை. ஊர் தானே அடங்கியதுபோல் இச்சொல் காட்டினாலும், மாநில எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது.

பூட்டும் சாவியும்

கதவடைப்பைக் குறிக்கும் லாக் அவுட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆலைக்குள் முற்றிலும் வேறான பொருள் ஒன்று உண்டு. அழுத்துபொறி போன்ற இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் முன், அதன் மின்விசையை நிறுத்தி, விசைப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பணியிலிருப்பவரின் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவர். சாவி பழுதுபார்ப்பவரிடமே இருக்கும். அவர் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்வரை வேறெவரும் இயந்திரத்தை இயக்க முடியாது. அமெரிக்காவில் இம்முறை 1989ஆம் ஆண்டில் தொழிற்பாதுகாப்பு விதியாக்கப்பட்டது. பின்னர் உலகெங்குமுள்ள ஆலைகளுக்கும் இது பரவியது.

ஆலை வாயிலில் போடும் பூட்டு தொழிலாளியின் கூலியை நிறுத்துகின்றது. விசைப்பெட்டியில் போடும் பூட்டு அவர் கையையும் உயிரையும் காக்கின்றது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. சாவி யாரிடம் உள்ளது என்பதே வேறுபாடு.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை

ஷட் என்ற வினையைத் தமிழாக்கும் முன் பின்வரும் கேள்விகளை எழுப்பிக்கொள்வது நலம்.

* மூடப்படுவது பொருளா, வழியா, இயக்கமா? பொருளாயின் மூடு, வழியாயின் அடை, இயக்கமாயின் நிறுத்து.
* மீண்டும் திறக்கப்படுமா? திறக்கப்படுமாயின் ஆலையைப் பற்றி எழுதும்போது "மூடல்" என்று எழுதுதல் பிழை. "உற்பத்தி நிறுத்தம்", "கதவடைப்பு" ஆகியவற்றுள் பொருந்துவதை எழுத வேண்டும்.
* மூடியவர் யார்? முதலாளியா, வணிகரா, அரசா என்பதைப் பொறுத்துக் கதவடைப்பு, கடையடைப்பு, முடக்கம் எனச் சொல் மாறும்.

"ஆலை மூடப்பட்டது" என்ற செய்தித் தலைப்பு, பாதி ஊதியத்துடன் ஒரு வாரம் வீட்டிலிருப்பதையும் குறிக்கலாம், வாழ்நாள் வேலை முடிந்துபோனதையும் குறிக்கலாம். இவற்றைப் பிரித்துக் கூறும் சொற்கள் தமிழில் முன்பே உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* கதவடைப்பு
* வேலைநிறுத்தம்
* ஓசூர்
* காவிரி ஆற்று நீர்ப் பிணக்கு
* தமிழில் கடன்சொற்கள்